அக்கரையில் நின்றவன்

அந்த அச்சகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் மாலைவரை மூடமாட்டாள். ஆனால் அதில் அவளுடைய சொந்தச் சொல் ஒன்றுகூட இருக்காது. எழுதியவர் கொடுத்த கையெழுத்துப் பிரதியை அவள் உரக்கப் படிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் பிழைதிருத்தும் அக்கா, அச்செடுத்த தாளில் அதே வரிகளைக் கண்ணால் தொடர்ந்து வருவாள். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே சிவப்பு மை இறங்கும். ஒரு மேசை, ஒரு சன்னல், பக்கத்து அறையில் ஓடும் இயந்திரத்தின் தடதடப்பு. அந்தத் தடதடப்புக்கு மேலே குரலை உயர்த்தி உயர்த்தி அவளுக்குத் தொண்டையே தனி மாதிரி ஆகிவிட்டது.

ஒவ்வொரு புள்ளியையும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போதாது. அதனால் இருவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு. பேனாவின் பின்புறத்தால் மேசையில் ஒரு தட்டு தட்டினால் காற்புள்ளி, இரண்டு தட்டினால் முற்றுப்புள்ளி. பத்தி முடிந்தால் உள்ளங்கையால் ஓர் அடி. புதிதாக வந்தவர்கள் வாசலில் நின்று கேட்டால் உள்ளே யாரோ தாளம் போட்டுக்கொண்டு கதாகாலட்சேபம் செய்கிறார்கள் என்றே நினைப்பார்கள்.

பிழைதிருத்தும் அக்காவுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மேசையில் நிஜமாகவே ஒரு பூதக்கண்ணாடி கிடந்தது. ஆனால் பெயர் அதனால் வந்ததல்ல. "அந்தம்மா கையில சிக்கினா முதலாளியோட கல்யாணப் பத்திரிகையிலகூட நாலு தப்பு தேறும். அதுல ஒண்ணு மாப்பிள்ளையா இருக்கும்" என்பார் கம்போசிங் அண்ணன். அவர்தான் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துக் கணினியில் எழுத்துக் கோப்பவர். பூதக்கண்ணாடியின் சிவப்பு மையில் பாதி அவர் தலையில்தான் விழும். அதனால் இருவருக்கும் எப்போதும் எலிக்கும் பூனைக்கும் உள்ள உறவு.

ரேடியோ எதைப் படித்தாலும் அது அவளுக்குள் தங்காது. சட்டப் புத்தகம், பூகோளப் பாடம், மாட்டு வைத்தியம், கணக்கு வாய்பாடு, எல்லாம் குழாயில் ஓடும் தண்ணீர் மாதிரி கண் வழியே புகுந்து வாய் வழியே போய்விடும். அர்த்தத்தை யோசித்தால் நாக்கு தடுமாறும் என்பது அவள் அனுபவம். அப்படிப்பட்டவளுக்குள் ஒரு நாவல் வந்து தங்கிவிட்டது. அதுவும் தங்கக் கூடாத நேரத்தில்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் கால் வழுக்கி லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். கை கால் எல்லாம் கூடிவிட்டன. தலைக்குள் மட்டும் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொண்டது. சின்ன வயதும், பள்ளிக்கூடமும், முதன்முதலில் வேலை பழகிய பட்டறையும், அவனை வளர்த்த அக்காவும் அவனுக்கு அப்படியே இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த எட்டு வருஷக் குடித்தனம் அடியோடு இல்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவன் தன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கட்டிலின் மறுபக்கம் பார்த்து மெல்லிய குரலில் கேட்டான்.

"அக்கா, இவங்க யாரு? ரொம்ப நேரமா அழுறாங்களே. இவங்க வீட்டுலயும் யாருக்காவது அடிபட்டிருக்கா?"

வீட்டுக்கு வந்த பிறகும் அவன் விருந்தாளியாகவே இருந்தான். தண்ணீர் குடிக்கவும் அனுமதி கேட்டான். கூடத்தில்தான் படுப்பேன் என்றான். காலையில் போர்வையை மூலைக்கு மூலை சரியாக மடித்து வைப்பான், இன்றைக்கே கிளம்பிவிடப் போகிறவன் போல. மின்விசிறி கரகரத்தால் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டுவான். விரல்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. அவளை மட்டும் முதலில் "அக்கா" என்று கூப்பிட்டான். அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று ஒருநாள் அவள் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள். அன்றிலிருந்து அவன் எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இங்க பாருங்க", "ஒரு நிமிஷம்", அவ்வளவுதான்.

"வரலாம், வராமலும் போகலாம். பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

பேசுவதுதானே அவள் பிழைப்பு. தினமும் மாலையில் அவன் முன்னால் உட்கார்ந்து அவர்களுடைய வாழ்க்கையை முதலிலிருந்து சொன்னாள். பெண் பார்க்க வந்தபோது அவன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டது. கல்யாணத்தன்று அடித்த மழை. வாடகை வீடு தேடி இருவரும் தெருத்தெருவாக அலைந்தது. சண்டைகளை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள். அவை வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த பையனைப் போலக் கேட்பான். கொஞ்ச நாள் போனது. ஒரு மாலை அவள் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவன் நிமிர்ந்தான்.

"ஆமா, ஞாபகம் இருக்கு. குடை கிழிஞ்சிருந்தது."

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று ஞாபகங்கள் வரத் தொடங்கின. டீ கொட்டியது ஞாபகம் இருக்கிறது. மாடிப்படி ஏறிய வீடு ஞாபகம் இருக்கிறது.

நாத்தனாரிடம், அவனை வளர்த்த அந்த அக்காவிடம், போனில் சொன்னாள்.

"குடையைப் பத்தி அவனாவா சொன்னான்?"

"அவராத்தான் அண்ணி. நான் மழைன்னு மட்டும்தான் சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி என்னைக்காவது நீ சொல்லியிருந்தியா?"

சொல்லியிருந்தாளா? எத்தனை மாலைகள், எத்தனை தடவை.

"இல்ல அண்ணி."

"எனக்கு ஒண்ணும் உன்மேல கோபம் இல்லம்மா. நீ அவனைக் கண்ணுல வச்சுப் பார்த்துக்கறேன்னு தெரியும். ஆனா எங்கிட்ட பேசும்போது அவன் என்ன கேக்கறான் தெரியுமா? 'இந்த வீட்டுல இருக்கறவங்க ரொம்ப நல்லவங்கக்கா, ஆனா நான் எப்பக்கா வீட்டுக்கு வரலாம்'னு கேக்கறான். எனக்கு வயிறு எரியுது." நாத்தனார் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "ஞாயித்துக்கிழமை வரேன். நெஜமாவே ஞாபகம் வருதுன்னா உன் கையால ஒரு காபி குடிச்சுட்டுத் திரும்பிடறேன். இல்லன்னா கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

அப்போது நான் என்ன ஆவது என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. அவள் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். அவன் சுவரோரமாக உட்கார்ந்து, பழுதுபட்ட கடிகாரத்தைப் பிரித்துப் போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றான்.

அந்த வாரத்தில்தான் நாவல் மேசைக்கு வந்தது.

பழைய புராணக் கதை. எல்லோரும் சின்ன வயதில் கேட்டதுதான். செத்தவர்கள் ஓர் ஆற்றைக் கடந்து போவார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடித்ததும் இக்கரையில் வாழ்ந்ததெல்லாம் மறந்துவிடும். கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி உயிரோடு அந்த ஆற்றைக் கடக்கிறாள், நா வறண்டு வெடித்தாலும் ஒரு சொட்டுக் குடிக்காமல். அக்கரையில் அவனைக் கண்டுபிடிக்கிறாள். அவனுக்கு அவளைத் தெரியவில்லை. அவள் அழுது புலம்பி, பாடித் தீர்த்து, கடைசியில் அவள் பெயர் அவன் வாயில் வருகிறது. மரணத்தின் காவலர்களே கண்கலங்கி வழிவிட, இருவரும் கைகோத்து இக்கரை சேர்கிறார்கள்.

நாவலாசிரியர் அதை இந்தக் காலத்து எழுத்தில் புதிதாகச் சொல்லியிருந்தார். அவர் அதைச் செத்துப்போன கணவன் பக்கத்திலிருந்து எழுதியிருந்ததுதான் வினை. அக்கரையில் அவன் நிம்மதியாக இருக்கிறான். வெயில் உறைப்பதில்லை, பசி எடுப்பதில்லை. ஒருநாள் முன்பின் தெரியாத ஒருத்தி வந்து எதிரே நின்று அழத் தொடங்குகிறாள். அவன் எங்கே போனாலும் பின்னால் வருகிறாள்.

"என்னடி இவன், பொண்டாட்டியப் பார்த்து இப்படி நடுங்கறான்?" என்றாள் பூதக்கண்ணாடி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது பொண்டாட்டின்னு அவனுக்குத் தெரியாதுல்லக்கா."

"தெரிஞ்சவனுங்களே நடுங்கறானுங்க. நீ படி."

அவள் படித்தாள். தட்டினாள். குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பக்கமும் போகும்போது உள்ளே கொஞ்சம் தங்கிவிட்டுத்தான் போனது. இருந்தாலும் அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. முடிவு தெரிந்த கதைதானே, அவள் பெயர் அவன் வாயில் வரத்தானே போகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி அத்தியாயம். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. பூதக்கண்ணாடி கிராம்பு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "ம்" என்றாள். ரேடியோ படித்துக்கொண்டே போனாள். அந்தப் பெண் அவன் கையைப் பிடிக்கிறாள், என்னை நினைவில்லையா என்று கேட்கிறாள். ரேடியோவின் கண் எப்போதும் போல வாய்க்கு ஒரு வரி முன்னால் ஓடியது. ஓடிய கண் நின்றுவிட்டது.

வாய் நிற்கவில்லை.

"'நினைவிருக்கிறது' என்று அவன் சொன்னான்." இரண்டு தட்டு. "இருவரும் கைகோத்து ஆற்றை நோக்கி நடந்தார்கள்." இரண்டு தட்டு. உள்ளங்கையால் ஓர் அடி.

பிரதியில் இருந்தது வேறு. திட்டம் போட்டு அவள் அதைச் செய்யவில்லை. நாக்கு தானாகச் சின்ன வயதுக் கதைக்குள் போய் நுழைந்துகொண்டது.

"இரு இரு" என்றாள் பூதக்கண்ணாடி. "இங்க ஒரு பத்தி முழுசா இருக்கே. இந்த ஆள் எதைப் பார்த்து அடிச்சான்?" சிவப்புக் கோடு மேலிருந்து கீழே சரேலென்று இறங்கியது. ஓரத்தில், இருவரும் கைகோத்து என்று அவளே எழுதினாள். "சும்மா சொல்லக் கூடாது, இந்த எழுத்தாளர் கடைசில நல்ல புத்தியோட முடிச்சிருக்கார். நான்கூட பயந்துட்டேன், வீணா அவளை அலையவிட்டுடுவாரோன்னு."

ரேடியோவின் உள்ளங்கை மேசையில் பதிந்தபடியே இருந்தது.

கம்போசிங் அண்ணன் டீ வேளைக்கு முன்பே வந்துவிட்டார். ஒரு கையில் திருத்திய தாள், மறுகையில் பிரதி.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து புதுசா நாவல் எழுத ஆரம்பிச்சுட்டீங்களா? சொல்லியிருந்தா அட்டையில பேரைப் போட்டிருப்பேனே!"

"என்னய்யா கத்தற?"

"இதைப் படி. நான் அடிச்ச பத்தி இங்க எழுத்துக்கு எழுத்து இருக்கு. நீ எழுதின 'கைகோத்து' எங்க இருக்கு காட்டு. வருஷக்கணக்கா உன் சிவப்பு மையில குளிச்சுக்கிட்டிருக்கேன், செஞ்ச தப்புக்குக் குளிக்கலாம். செய்யாத தப்புக்கு எதுக்குக் குளிக்கணும்? வா, முதலாளிகிட்டயே கேப்போம்."

பூதக்கண்ணாடி பிரதியை வாங்கிப் பார்த்தாள். பிறகு ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ சன்னலைப் பார்த்தாள்.

"என் தப்புதான்யா" என்றாள் பூதக்கண்ணாடி.

அந்த மேசையிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து கம்போசிங் அண்ணன் கேட்டதில்லை.

"பக்கம் மாத்திப் பார்த்துட்டேன். கண்ணு மங்கிப்போச்சு. போ, போய் டீ குடி. சரி பண்ணி நானே கொண்டாந்து தரேன். முதலாளி கிதலாளின்னு போனே, உன் பழைய தாளையெல்லாம் தூசி தட்டி எடுப்பேன்."

அவர் போனதும் அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். இயந்திரத்தின் சத்தம் கொஞ்சம் தணிந்தது. ரேடியோ அழுவதற்குத் தயாராக இருந்தாள். யாராவது தோளைத் தொட்டால் போதும்.

பூதக்கண்ணாடி தோளைத் தொடவில்லை. பிரதியை அவள் பக்கம் தள்ளினாள்.

"படி."

"அக்கா..."

"உன் வீட்டு விஷயம் இங்க எல்லாருக்கும் தெரியும். நான் ஒண்ணும் கேக்கல. ஆனா எழுதியிருக்கறதை நீ மாத்திப் படிச்சா, நான் இங்க உட்கார்ந்து எதை நம்பறது? படி. என்ன எழுதியிருக்கோ அதைப் படி."

ரேடியோ பேனாவை எடுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"'நினைவிருக்கிறது' என்று அவன் சொன்னான்." இரண்டு தட்டு. "பயத்தில் சொன்னான்." இரண்டு தட்டு. "அவளுடைய அழுகையை நிறுத்த அவனுக்கு வேறு வழி தெரியவில்லை." இரண்டு தட்டு. "அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்." தட்டு. தட்டு. "சொன்னது சரிதானா என்று அந்த முகம் அவளிடமே கேட்டுக்கொண்டிருந்தது. ஆற்றைக் கடந்து வந்தவள் தான் ஒருத்திதான் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. அவள் கையை விட்டாள்."

பத்தி முடிந்ததற்கு உள்ளங்கையால் அடிக்க வேண்டும். அவள் கையை மேசையில் மெதுவாக வைத்தாள்.

பூதக்கண்ணாடி சிவப்புக் கோட்டுக்குக் கீழே புள்ளிகள் இட்டு, கோடு அடித்தது செல்லாது என்று ஓரத்தில் எழுதினாள். எழுதி முடித்து மூடியைப் போட்டாள். "பாவி மனுஷன்" என்றாள். எழுத்தாளரைத்தான் சொன்னாள்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் ரேடியோ தனக்குத்தானே வாதாடிக்கொண்டு வந்தாள். அது எவனோ எழுதிய கதை. அந்த ஆளுக்கு என்ன தெரியும், நாலு சுவருக்குள் உட்கார்ந்து பேனாவை உருட்டுகிறவர். அவர் எழுதியதால் என் வீட்டுக்காரர் சொன்னது பொய்யாகிவிடுமா? குடை கிழிந்திருந்தது உண்மை. டீ கொட்டியது உண்மை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் அவளைத் திரும்பிப் பார்த்தாள். உதடு அசைந்துவிட்டது போலும்.

ஞாயிற்றுக்கிழமைவரை வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். நாத்தனார் வருவார், குடையைப் பற்றிக் கேட்பார், அவன் சொல்லிவிடுவான், அவர் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். அவன் இங்கேயே இருப்பான். அது போதாதா? எதற்கு நோண்டிப் பார்க்க வேண்டும்? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அவள் கதவைத் தட்டினாள்.

அவன் திறந்தான். "வாங்க" என்றான், வீடு அவளுடையது என்பதை மறந்துவிடாத குரலில். கடிகாரம் சுவரில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். அவனும் எதிரே உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"இன்னைக்கு எதைப் பத்திங்க?" என்று கேட்டான்.

வழக்கம்போல வாடகை வீட்டைப் பற்றித்தான் தொடங்க வேண்டும். வேறொன்று வந்தது.

"நாம ஒரு தடவை கடல் பார்க்கப் போனோமே..."

அவர்கள் கடல் பார்க்கப் போனதில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஒவ்வொரு வருஷமும் அவன் தள்ளிப்போட்ட ஊர் அது. அதற்காக அவள் போட்ட சண்டைகளைத்தான் அவனிடம் சொல்லாமல் விட்டிருந்தாள்.

"ரயில்ல போனோம். நீங்க சன்னல் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு எனக்கு விடவே இல்ல. அங்க போய்த் தண்ணியில நின்னப்ப என் செருப்பு ஒண்ணு அலையோட போயிடுச்சு."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். தெரியாது என்று சொல்லுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். எனக்கு அது ஞாபகம் இல்லை என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் நான் நம்பிக்கொள்கிறேன்.

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"ஆமா, ஞாபகம் இருக்கு."

"என்ன ஞாபகம் இருக்கு?"

"செருப்பு போச்சுல்ல." அவள் கண்களை உற்றுப் பார்த்தான். அவை நனைந்துவிட்டனவா என்று தேடுவதுபோல இருந்தது. இல்லை என்று தெரிந்ததும் அவனுக்குத் தைரியம் வந்தது. "நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். பேண்ட் எல்லாம் நனைஞ்சுபோச்சு. நீங்க சிரிச்சீங்க. ரொம்ப நேரம் சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க."

அவன் இவ்வளவு நீளமாக அவளிடம் பேசியதே இல்லை. அவளுக்காக ஒரு கடலையே உண்டாக்கிக் கொடுத்திருந்தான், அவள் அழாமல் இருந்தால் போதும் என்று. அதில் அவளைச் சிரிக்கவும் வைத்திருந்தான்.

அவள் சிரித்தாள். "ஆமா, சிரிச்சேன்" என்றாள்.

அவன் தோள்கள் தளர்ந்தன. அப்போதுதான், அவன் இத்தனை மாலைகளும் தோள்களை எவ்வளவு விறைப்பாக வைத்துக்கொண்டு தன் எதிரே உட்கார்ந்திருந்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவுவதற்கு இல்லை. தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் கூடத்துக்குப் போகாமல் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமைவரைக்கும் வேணாம். நாளைக்கே வாங்க."

"என்னம்மா ஆச்சு? ஞாபகம் வருதுன்னியே?"

"வரல அண்ணி."

"குடை...?"

"நான்தான் அண்ணி சொல்லியிருந்தேன். எல்லாத்தையும் நான்தான் சொல்லியிருந்தேன்."

"நீ தனியா என்னடி பண்ணுவ?" என்றார் நாத்தனார். அவர் அவளை அதுவரை டி போட்டுப் பேசியதில்லை. அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. அவன் நின்றுகொண்டிருந்தான்.

"அக்காவா?" என்றான். "எங்க அக்காவா பேசறாங்க?"

அவள் போனை நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சன்னல் பக்கம் போனான். "அக்கா!" என்றான். அந்த ஒரு சொல்லில் அவன் குரல் பத்துப் பதினைந்து வயது இறங்கியது. "நிஜமாவா? நாளைக்கா? காலையிலேயேவா?" என்று அடுக்கிக்கொண்டே போனான். நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான், அவள் மனம் புண்படும் என்று நினைத்தானோ என்னவோ. அவன் நல்லவன். கல்யாணத்துக்கு முன்பும் அப்படித்தான் இருந்திருப்பான்.

அவள் அலமாரியைத் திறந்து அவன் சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கட்டிலில் போட்டாள். எல்லாம் அவள் தேர்ந்தெடுத்து வாங்கியவை. நீலத்தை விரும்பிப் போடுவான். பழுப்பைப் போட்டால் நன்றாக இருக்கும் என்று அவள்தான் வற்புறுத்துவாள். பேசி முடித்து அவன் அறை வாசலுக்கு வந்து, உள்ளே நுழையாமல் நின்றான்.

"எந்தச் சட்டையெல்லாம் எடுத்து வைக்கட்டும்?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"எதுவா இருந்தாலும் பரவாயில்லைங்க" என்றான் அவன். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்."